அடுத்தவர் சுவரில் கை வைக்கும் முன்

தெருச் சுவர்களில் எழுதுகிற, வரைகிற கிராஃபிட்டி கலையா நாசவேலையா என்று டீக்கடையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசலாம். ஆனால் நீங்கள் பிரஷ்ஷும் கையுமாக நிற்கும்போது மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து "யாருப்பா அது, என் சுவத்துல என்ன பண்ற?" என்று கேட்டால் விவாதம் அங்கேயே முடிந்தது. என் கட்சி இதுதான்: படம் நன்றாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி, சுவர் யாருடையது, அதன் எதிரே தினமும் யார் கண் விழிக்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதனால் முதல்முறையாகச் சுவரில் வரையப் போகிறவர்களுக்கான இந்தக் குறிப்பில் பெயின்ட் பற்றிப் பேசுகிற அளவுக்கு மனிதர்களிடம் பேசுவதைப் பற்றியும் இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சுவரில் எழுதுவது நமக்கு, ரயில் பெட்டிகளில் ஸ்ப்ரே அடித்த நியூயார்க்கிலிருந்து இறங்கிய பழக்கம் ஒன்றும் இல்லை. கீழடிப் பானை ஓடுகளில் குவிரன், ஆதன் என்று பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள் (சொந்தப் பானை என்பதால் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்). நம் ஊர்க் கட்சிக்காரர்கள் தேர்தலுக்கு வெகுநாள் முன்பே சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி, சுவருக்குத் துண்டு போட்டுவிடுவார்கள். அந்த எழுத்துகளை எழுதியவர்களின் கைவண்ணம் சாதாரணமானதில்லை. ஸ்கேல் கிடையாது, நூல் பிடித்து அடித்த இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆளுயர எழுத்து நேராக வந்து நிற்கும். ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பைத் துடைத்துப் போட்டது. 2009 வாக்கில் போஸ்டரை ஒழிப்பதற்காகச் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் கோயிலும் நடனமும் கிராமமுமாக வரைய வைத்தபோது, பழைய பேனர் ஓவியர்களின் கை அங்கே கொஞ்ச காலம் மறுபடி தெரிந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

எந்தச் சுவர் கூடவே கூடாது

பழைய கோட்டை, கோயில், குகை, பாறை ஆகியவற்றில் சாக்பீஸ்கூட வேண்டாம். செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும், கல்லிலும் பழைய சுதையிலும் எத்தனை இதயம், எத்தனை அம்பு, எத்தனை ஜோடிப் பெயர் என்று. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாறைக்கு உரிமையாளர் பக்கத்தில் நிற்பதில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: மணாலி–ரோத்தாங் சாலையோரப் பாறைகளில் விளம்பரம் எழுதியதற்காகப் பெரிய குளிர்பான நிறுவனங்களையே 2002ல் உச்ச நீதிமன்றம் அபராதம் கட்ட வைத்தது.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் சிகிரியாவை இழுப்பார். இலங்கையில் உள்ள அந்தப் பாறைக்கோட்டையில், பளபளக்க மெருகேற்றியதால் கண்ணாடிச் சுவர் என்று பேர் பெற்ற சுவரில், கிட்டத்தட்ட 6ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை வந்து போனவர்கள் அங்குள்ள ஓவியப் பெண்களைப் பார்த்து மயங்கி எழுதிவிட்டுப் போன சிங்களப் பாடல்கள் இருக்கின்றன. பரணவிதான என்ற தொல்லியலாளர் அவற்றில் 685ஐப் படித்து 1956ல் வெளியிட்டார், இன்று அவை இலக்கியம். 2015ல் மட்டக்களப்புப் பக்கமிருந்து சுற்றுலா வந்த ஒரு தமிழ்ப் பெண் அதே சுவரில் தன் பெயரைக் கீறினார். 2 ஆண்டு சிறை என்று தீர்ப்பாகி, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். தண்டனை அநியாயத்துக்கு அதிகம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் "அன்றைக்கு அவன் எழுதினான், இன்றைக்கு நான் எழுதினால் என்ன" என்ற வாதம் எடுபடாது. அவன் எழுதியது தப்பிப் பிழைத்து நம் கைக்கு வந்திருக்கிறது, நீங்கள் எழுதப்போவது அதன் தலைமேல்.

மெட்ரோ நிலையம், மெட்ரோ ரயில் பெட்டி என்றால் மெட்ரோ சட்டத்திலேயே 6 மாதம் வரை சிறைக்கு இடமிருக்கிறது. அரசுக் கட்டடம், பாலத் தூண் எல்லாம் பொதுச் சொத்துச் சேதம் என்ற கணக்கில் போகலாம். தனியார் சுவராக இருந்தாலும் உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் விளம்பரம் எழுதுவது, ஒட்டுவது குற்றம், இதற்குத் தமிழ்நாட்டில் 1959லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. தெருவில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மீது போலீஸ் போடும் வழக்கு பெரும்பாலும் இதில்தான்.

அனுமதி கேட்பது எப்படி

குடியிருப்பவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்காதீர்கள். வாடகைக்கு இருக்கிறவர் "தாராளமா வரைங்க தம்பி" என்பார், வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஆடுவார். அடுக்ககம் என்றால் சங்கச் செயலாளர், இரண்டு மனைகளுக்குப் பொதுவான காம்பவுண்டு சுவர் என்றால் இரண்டு வீட்டுக்காரரும். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் மட்டும் போதாது, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேச வையுங்கள். அங்கே பெற்றோர்களே உதவிக்கு வந்துவிடுவார்கள் என்பது கூடுதல் லாபம். மாநகராட்சிச் சுவருக்கு மண்டல அலுவலகம். பாலத் தூணுக்குப் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை, ஆனால் எந்தப் பாலம் யாருடையது என்று விசாரித்துவிட்டுப் போவதே பாதி வேலை.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சுவரை மொபைலில் படம் எடுத்து, அதன் மேல் உங்கள் ஓவியத்தை ஒட்டி, கலர் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். "மாடர்னா ஏதாவது வரைவோம்" என்று வாயால் சொன்னால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். சம்மதம் கிடைத்ததும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இப்படி இருந்தால் போதும்:

"என் வீட்டின் வடக்குப் பக்கச் சுவரில், தரையிலிருந்து 10 அடி உயரம், 20 அடி அகலத்துக்கு, இத்துடன் இணைத்துள்ள படத்தை வரையச் சம்மதிக்கிறேன். பட்டி, பெயின்ட், சாரச் செலவு வரைபவருடையது. படத்தை மாற்றுவதானால் என்னிடம் காட்டிவிட்டே மாற்ற வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் நான் அதை அழிக்க நேர்ந்தால் 15 நாள் முன்னதாகத் தெரிவிப்பேன்."

கடைசி வரியைக் கேட்க நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்சாலை வளாகத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு ஆண்டுக்கணக்காக வரைந்திருந்த ஓவியங்களை 2013ல் அவரே ஒரே இரவில் வெள்ளையடித்தார். 21 ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள், 2018ல் நீதிமன்றம் அவர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, மேல்முறையீட்டிலும் அது நின்றது. திருட்டுத்தனமாக ஏறி வரைந்திருந்தால் அந்த வழக்குக்குக் காலே இருந்திருக்காது என்பது என் எண்ணம். நம் நாட்டிலும் படைப்பைச் சிதைத்தால் படைப்பாளி வழக்குப் போட வழி தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்துப் போட்டதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்குப் போட்டார், சிற்பத்தைத் திருப்பித் தந்து 5 லட்சம் இழப்பீடும் கொடுக்க வேண்டும் என்று 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

என்ன வரைவது

உரிமையாளர் சம்மதித்துவிட்டார், ஆனால் தினமும் அதைப் பார்க்கப் போவது எதிர்வீட்டுக்காரர்கள். பிரின்டை அவர்களிடமும் காட்டுங்கள். ஓட்டுப் போடச் சொல்ல வேண்டாம், அப்படிச் செய்தால் கடைசியில் மயிலும் தாமரைக் குளமும்தான் மிஞ்சும். ஆனால் யாராவது முகம் சுளித்தால் ஏன் என்று கேளுங்கள், பல நேரம் காரணம் நியாயமாகவே இருக்கும்: ராத்திரி ஜன்னலைத் திறந்தால் அந்தப் பெரிய கண் என்னையே பார்க்குமே என்பது மாதிரி.

சென்னை கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் பல பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். 2020ல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸும் சேர்ந்து அங்குள்ள அடுக்குமாடிப் பக்கச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களை வரைய வைத்தார்கள். சென்னை ஓவியர் ஏ-கில் அங்கே வரைந்தவர்களில் ஒருவர். பேரைச் சொன்னாலே வேலை தர யோசித்த பகுதிக்கு ஜனங்கள் படம் எடுக்க வந்தார்கள், அது உண்மையான மாற்றம். தண்ணீரும் பேருந்தும் வேலையும் சரியாக இல்லாத இடத்தில் சுவருக்கு மட்டும் சாயம் பூசினால் என்ன அர்த்தம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள், அதுவும் உண்மையான கேள்வி. நான் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவேன், ஆனால் ஒன்று மட்டும் உறுதி: அங்கே வாழ்கிறவர்களின் முகம் சுவரில் ஏறும்போது வருகிற மரியாதை, யாரோ வெளிநாட்டுக் காட்டு மிருகம் ஏறும்போது வராது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் எச்ஐவி விழிப்புணர்வுக்காக ஏ-கில்லும் இன்னொரு ஓவியரான கத்ராவும் வரைந்த முகங்கள் வேலை செய்வதும் அதனால்தான்.

அப்புறம், சாமி படமும் தலைவர் படமும் வேண்டாம். பக்தி இல்லை, அரசியல் இல்லை என்பதால் சொல்லவில்லை. சுவரில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க சாமி டைல்ஸ் பதிக்கிற ஊர் இது. படம் உரிந்தால் யாரும் அழிக்கத் துணிய மாட்டார்கள், ஒரு சொட்டுச் சேறு பட்டால் யார் அடித்தது என்று ஒரு தெருவே கிளம்பும். தலைவர் என்றால் எந்தச் சாதிக்காரர் வரையச் சொன்னது என்பதிலிருந்து ஆரம்பிக்கும். சிலைகளுக்கே கம்பிக்கூண்டு போட்டு வைத்திருக்கிறோம், சுவருக்குக் கூண்டு போட முடியாது.

சுவரைத் தட்டிப் பார்த்தல்

அனுமதியோடு வரைந்த படமும் ஆறே மாதத்தில் செதில் செதிலாக உரிந்து தொங்கினால் தெருவுக்கு அசிங்கம்தான், அனுமதியில்லாமல் கிறுக்கியதைவிட மோசமாகக்கூட இருக்கும். பெரும்பாலான படங்கள் பெயின்டால் கெடுவதில்லை, அடியில் இருக்கும் சுவரால் கெடுகின்றன.

உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது செத்துப்போன டிஸ்டெம்பர், அதன்மேல் எந்த விலை எமல்ஷனும் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) நிற்காது. கம்பி பிரஷ், பட்டித் தகடு, உப்புத்தாள் கொண்டு கெட்டித் தரை வரும்வரை சுரண்டித்தான் ஆக வேண்டும். அடுத்தது ஓதம். ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, குழாய்க் கசிவோ மொட்டைமாடித் தண்ணீரோ, அதைச் சரிசெய்யாமல் வரைந்தால் உப்புப் பூத்துக் கொப்பளிக்கும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது ஒரு மாதம் காயட்டும், சிமென்ட்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும்.

பிறகு வெடிப்புகளை அடைத்து, வெளிச்சுவருக்கான பட்டி, எக்ஸ்டீரியர் பிரைமர், அதன்மேல் அடிநிறமாக எக்ஸ்டீரியர் எமல்ஷன். வழுவழுப்பான சுவரில் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சுமார் 50–60 சதுர அடி வரும், ஆக மேலே சொன்ன 200 சதுர அடிக்கு அடிநிறமே 4 லிட்டர். எனாமல் மிச்சம் இருக்கிறதே என்று சுவரில் அடிக்காதீர்கள். அது கதவுக்கும் கம்பிக்கும் உரியது, சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்து ஒரு நாள் தோலாக உரியும்.

நிறங்களை ஒவ்வொன்றாக டப்பா டப்பாவாக வாங்க வேண்டியதில்லை. வெள்ளை எமல்ஷனில் ஸ்டெயினர் (சின்ன பாட்டிலில் விற்கும் நிறக் கரைசல்) கலந்தே பாதி நிறங்களை எடுத்துவிடலாம், ஆனால் அடர்த்தி வேண்டும் என்று பாட்டிலைக் கவிழ்த்தால் காய்ந்த பிறகும் மழையில் வழியும். அழுத்தமான நிறத்தைக் கடையில் மெஷினில் கலந்து வாங்கிக்கொள்ளுங்கள். பளீர் சிவப்பும் பளீர் மஞ்சளும் நம் வெயிலில் முதலில் வெளுக்கும். காவி, செங்கல் நிறம், மண் மஞ்சள் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் நீண்ட நாள் நிற்கும், கோயில் மதில் பட்டை வெள்ளையும் காவியுமாக இருப்பது வெயிலுக்கும் பொருந்திய ஏற்பாடு.

ஸ்ப்ரே கேன் ஆசை எல்லோருக்கும் வரும். கார் டச்சப்புக்கு விற்கும் கேனில் பழகலாம், ஓவியத்துக்கான வெளிநாட்டு கேன் விலை கையைக் கடிக்கும். எப்படியானாலும் துணி மாஸ்க் போதாது, ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு நொடி அடித்து வாயைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் அடைத்துக்கொள்ளும். பெரிய பரப்பை ரோலரால் நிரப்பிவிட்டு, நிழலுக்கும் மென்மையான விளிம்புக்கும் மட்டும் ஸ்ப்ரே வைத்துக்கொள்வது சிக்கனம்.

சின்னப் படத்தைப் பெரிய சுவருக்கு ஏற்றுவது

கட்டம் போட்டு ஏற்றுவது எல்லோருக்கும் பள்ளியிலிருந்தே தெரியும். 10 அடிக்கு மேல் போனால் நேர்க்கட்டம் அடிப்பதே ஒரு நாள் வேலை, அதனால் இப்போது பலரும் கிறுக்கல் முறைக்குப் போய்விட்டார்கள். அடிநிறம் காய்ந்ததும் நீர்த்த பெயின்டால் சுவர் முழுக்க எழுத்து, எண், சுழி, பூ எது வேண்டுமானாலும் கிறுக்குங்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. எதிர்ப்பக்கம் போய் நின்று சுவரை நேராகப் படம் எடுங்கள். லேயர் வசதியுள்ள ஏதாவது ஒரு ஆப்பில் அந்தப் படத்தின் மேல் உங்கள் ஓவியத்தைப் பாதி மங்கலாக்கி வையுங்கள். இப்போது மொபைலைப் பார்த்தாலே தெரியும்: இடது கண் 'ழ'வின் வாலில் ஆரம்பிக்கிறது, மூக்கு நுனி 7க்கும் சுழிக்கும் நடுவே இருக்கிறது, தாடை அந்தப் பூவை உரசிக்கொண்டு போகிறது. அதை வைத்துக் கோடு இழுத்துக்கொண்டே போகலாம், பக்கத்தில் நிற்கும்போது படம் முழுதாகத் தெரியவில்லையே என்ற தவிப்பே வராது.

ஒரே தொல்லை, கிறுக்கிய அன்று சாயங்காலம் சுவர் பார்க்கச் சகிக்காது. வீட்டுக்காரருக்கும் அக்கம்பக்கத்துக்கும் முன்னாடியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கண்டிப்பாக யாராவது போலீசுக்கு போன் போடுவார்கள். அந்தச் சம்மதக் கடிதத்தின் ஜெராக்ஸ் பையில் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள், வடகிழக்குப் பருவமழை பாதிப் படத்தைக் கழுவிவிடும். பொங்கல் கழிந்து பங்குனி வரை நல்ல காலம். மேற்குப் பார்த்த சுவரில் காலையிலேயே வேலையை முடியுங்கள், மத்தியானத்துக்கு மேல் சுவர் கொதிக்கும், பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். தலைக்கு மேலே எட்டாத உயரம் என்றால் ஏணியில் தொங்காமல் சாரம் கட்டுங்கள், கட்டத் தெரிந்தவரை வைத்துக் கட்டுங்கள். மின்கம்பி பக்கத்தில் போகிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள்.

தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு எதையும் வரையாமல் அழுத்தமான ஒரே நிறம் அடித்துவிடுங்கள். மழைச் சேறு, வெற்றிலை எச்சில், நாய், மனிதர், எல்லாம் அந்த உயரத்தில்தான். அங்கே முகத்தின் தாடையையோ காலையோ கொண்டுவந்து வைத்தால் பிறகு வருத்தப்படுவீர்கள். எல்லாம் காய்ந்த பிறகு வெளிச்சுவருக்கான தெளிந்த அக்ரிலிக் பூச்சு ஒரு கோட் கொடுங்கள். மர வார்னிஷ் வேண்டாம், மஞ்சளடிக்கும். மூலையில் உங்கள் பெயரை எழுதுங்கள், போன் நம்பரைப் பெரிதாகப் போட்டால் விளம்பரம் ஆகிவிடும்.

மீந்த நிறங்களைக் காற்றுப் புகாத சின்ன பாட்டில்களில் அடைத்து, எந்த இடத்துக்கு அடித்தது என்று லேபிள் ஒட்டி வீட்டுக்காரரிடம் ஒரு செட் கொடுத்துவிடுங்கள். யாராவது ஒரு நாள் போஸ்டர் ஒட்டத்தான் போகிறார்கள். காய்ந்த போஸ்டரைத் தகட்டால் சுரண்டினால் படமும் சேர்ந்து வரும். மைதாப் பசை தண்ணீரில் இளகும், நன்றாக நனைத்து அரை மணி நேரம் விட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள், போன இடத்துக்கு பாட்டிலிலிருந்து ஒரு தொடுதல். சினிமா போஸ்டர், டியூஷன் நோட்டீஸ் என்றால் அன்றைக்கே எடுத்துவிடலாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டராக இருந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை விட்டுவிட்டு, அப்புறம் நனையுங்கள்.